மூன்று மாதக் குட்டிகள்

வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கிழக்கே போய், கண்மாய்க் கரைக்கு முன்னால் இடது கைப் பக்கம் இறங்கினால் ஒரு தெரு வரும். தெரு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் வரிசையாகப் பத்துப் பதினைந்து வீடு, எதிர்ப்பக்கம் முழுக்க வயல், தெரு முடிகிற இடத்தில் தகரம் அடைத்த ஒரு பன்றிப் பட்டி. பட்டி இருக்கிற இடம் முத்துக்கருப்பன் பேரில் இருக்கிறது. பட்டி நடப்பது அவன் பெண்சாதி சீனியம்மாள் சொல்லில். முத்துக்கருப்பனைக் கேட்டால் அவனே இதைச் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வான்.

மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு அவன் மொபெட் வண்டியின் இரண்டு பக்கமும் நீலப் பேரலைக் கட்டிக்கொண்டு தல்லாகுளம் பக்கம் போவான். கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் வந்த கூட்டம் தின்றது போக மிச்சத்தை மெஸ்களில் இவனுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட முடியாது. சீனியம்மாள் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அலசுவாள். பால் கவர், எலுமிச்சைத் தொலி, பல்குத்துகிற குச்சி எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, அண்டாவில் ஏற்றி ஒரு கொதி விட்டு, ஆறினபிறகுதான் ஊற்றுவாள். அந்தக் குச்சி ஒன்று போனால் போதும், குடலில் குத்தி நின்றுகொள்ளும், குட்டி தீனி எடுக்காமல் சுருண்டு படுத்துவிடும். அப்படி ஒன்று செத்ததற்கு அவள் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள். தெருவில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பகலில் பெய்யவில்லை. பகலெல்லாம் வானம் மூடிக் கிடக்கும், ராத்திரி கொட்டும், விடிந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். வயலில் நாற்று நட்டுத் தண்ணீர் தேங்கி நின்றது. கொக்கு கூட்டங்கூட்டமாக இறங்கியது. பொழுது சாய்கிற நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் நாலு கொசு உள்ளே போகும். வயலும் தண்ணியும் இருந்தால் கொசு இருக்கும் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மூன்றாவது வீட்டு விஜயத்தின் மகன் அருண்பாண்டிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து தலை வலிக்கிறது என்று வந்து படுத்தவன், மறுநாள் பெற்ற தாயைப் பார்த்து யார் நீ என்று கேட்டான். அன்றைக்கு மாலையில் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. விஜயத்தின் புருஷன் தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன், அந்நேரம் வீட்டில் இல்லை. சீனியம்மாள்தான் பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் போட்டாள். நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதே என்று தன் விரலைப் பல்லுக்கு நடுவில் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். விரல் வீங்கி, இரண்டு நாள் சோறு பிசையக்கூட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முதுகில் ஊசி குத்தித் தண்ணி எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். இரண்டையும் லேபுக்கு அனுப்பியிருப்பதாகவும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த வார்த்தை தெருவுக்கு வந்து சேர ஒரு பொழுது ஆகவில்லை. பின்னாலேயே கொசுவுக்குப் புகை அடிக்கிற ஆள் வந்தான். மெசினை அணைத்துவிட்டு, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னான்.

"இது கொசு கடிச்சு வர்றதுண்ணே. கிருமி பன்னி ஒடம்புல கெடக்கும். பன்னியக் கடிச்ச கொசு பிள்ளையக் கடிச்சா முடிஞ்சது."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். தெரு மொத்தமும் பட்டியைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலையில் குழாயடியில் சீனியம்மாள் குடத்தை வைத்ததும் பக்கத்துக் குடங்கள் தள்ளிப் போயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் பன்றிகளுக்கு ரத்தம் எடுக்க ஆள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ரத்தம் எடுத்து நோய் இருந்தால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகுமாம், குழி வெட்டிப் புதைப்பார்களாம். இந்தப் பின்கதையை யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை.

கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தவளிடம் முத்துக்கருப்பன் சொன்னான்.

"அம்புட்டையும் வித்துருவோம்த்தா. பேசாம நானும் மார்க்கெட்டுல மூட்டை தூக்கப் போறேன்."

"இப்ப விக்கிறேன்னா எவன் வாங்குவான்? பேரு கெட்டுக் கெடக்கு."

"அப்ப லாரிக்காரன் கொண்டுபோகட்டும்."

"பெருசுக இருக்கட்டும். ரத்தம் எடுத்தா எடுக்கட்டும், கொண்டுபோனாலும் போகட்டும். குட்டிகள மட்டும் ஒதுக்கிருவோம்."

"குட்டிக்கு மட்டும் நோய் வராதாக்கும்?"

"நீயே யோசிச்சுப் பாருய்யா. பொறந்து மூணு மாசந்தான் ஆகுது. என்னமா ஓடுது, என்னமாத் திங்கிது. பெருசுக எத்தன மழை பாத்துருக்கு, எத்தன சாக்கடையில பொரண்டுருக்கு. நோயின்னு ஒண்ணு இருந்தா அதுக ஒடம்புலதான் இருக்கும். குட்டி பச்ச ஒடம்பு. அதுக்கு என்ன தெரியும்?"

முத்துக்கருப்பன் கருவாட்டு முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். "அதுவும் சரிதான்" என்றான். பன்றி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சரிதான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொல்கிற நானும் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பேன்.

"குட்டி கையில இருந்தா பட்டிய மறுபடி எழுப்பிரலாம்" என்றாள் சீனியம்மாள். "மீனா வீட்டுல கொஞ்ச நாளைக்கு நிக்கட்டும்."

மீனா என்பது அவள் தங்கை பாண்டிமீனா. தாய் இல்லாத பிள்ளையைச் சீனியம்மாள்தான் தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, சிவபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தாள். திருநகருக்கு அந்தப் பக்கம், திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர். சிவபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஆறு வருஷம் வயிற்றில் தங்காமல், போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று அலைந்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தன்ஷிகா என்று பேர். எட்டு மாசம். சீனியம்மாளின் சொந்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனபிறகு அவளுக்கு மூச்சும் பேச்சும் இந்தப் பிள்ளைதான். வாரம் ஒருதரம் போய் அதன் கன்னத்தைக் கடித்துவிட்டு வராவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது.

விடிகிறதுக்கு முன்னால் சிவபாண்டியின் ஆட்டோ வந்தது. காதும் காதும் வைத்தாற்போல குட்டிகளைச் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள். பதினொன்று. கத்தாமல் இருக்க ஒவ்வொன்றின் வாயிலும் ஊறப்போட்ட ரொட்டியைத் திணித்தாள் சீனியம்மாள்.

"கவர்மெண்டு ஆளு, டாக்டரு, யாரு வந்து கேட்டாலும் குட்டி இல்லன்னு சொல்லிருங்க மாப்ள. மீனாகிட்டயும் சொல்லி வைங்க."

"எங்க ஊருக்கு யாரு மதினி வரப்போறா" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான் சிவபாண்டி.

ரத்தம் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர். கால்நடை டாக்டர் பீமாராவ், தலை நரைத்த, ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள். லேபிலிருந்து ஸ்ரீலட்சுமி என்று ஒரு பெண். நெசவுக்காரச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் என்று பேச்சிலேயே சீனியம்மாளுக்குத் தெரிந்தது. இடையில் அம்மாவிடமிருந்து போன் வந்தபோது சௌராஷ்டிர பாஷையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வைத்ததும் மதுரைத் தமிழுக்கு வந்துவிட்டாள்.

பீமாராவ் கயிற்றில் சுருக்குப் போட்டு ஒவ்வொரு பன்றியின் மேல்வாயிலும் மாட்டி இழுத்துப் பிடித்தார். தெருவே காதைப் பொத்துகிற மாதிரி அதுகள் கத்தின. ஸ்ரீலட்சுமி காது நரம்பில் ஊசி ஏற்றி, ரத்தத்தைச் சின்னக் குழாயில் பிடித்து, மேலே நம்பர் ஒட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் பொத்தவில்லை. அது ஒன்றே சீனியம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போகப் போதுமானதாக இருந்தது.

"குட்டி எதும் இல்லையாக்கா?"

"இல்ல மேடம். ஆவணியிலயே வித்தாச்சு."

பீமாராவ் தரையோடு தரையாகப் பதித்திருந்த சின்னத் தொட்டியைப் பார்த்தார். சகதியில் கிடந்த சின்னக் குளம்புத் தடங்களையும் பார்த்தார். "குட்டிய வித்தும் தொட்டிய எடுக்கலபோல" என்றார்.

"மறுபடி போடும்ல சார்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஓரத்தில் தனியாகப் படுத்திருந்த பன்றியைக் காட்டினார். "இது ஏன் எளச்சுக் கெடக்கு?"

"இந்தத் தடவ இது போட்ட குட்டி அம்புட்டும் செத்து விழுந்துச்சு சார். சிலது கருத்துச் சுருங்கிப்போய் இருந்துச்சு. கண்ணு பட்டுப்போச்சு."

பீமாராவும் ஸ்ரீலட்சுமியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை சீனியம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"எப்ப மேடம் லாரி வரும்?"

"என்ன லாரி?"

"பன்னிய அள்ளிட்டுப் போக."

"யாருக்கா சொன்னது? ரத்தம் மட்டுந்தான் எடுக்குறோம். அதுல கிருமியக்கூட தேடப்போறதில்ல. கிருமி ஒடம்புக்குள்ள வந்துச்சுன்னா ஒடம்பு அதுக்கு எதிரா ஒண்ண உண்டாக்கும், ஆன்டிபாடின்னு பேரு. அது இருக்கா, புதுசா பழசான்னு பாப்போம். நோயி இந்தப் பக்கம் சுத்துதான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"எப்பத் தெரியும்?"

"நாளாகும்க்கா. டெஸ்ட் பண்ற தட்டுல தொண்ணூறு சொச்சம் குழி இருக்கும். இந்த நாலஞ்சு பன்னிக்காக ஒரு தட்டப் பிரிக்க முடியாது. மத்த ஊர் ரத்தமும் வந்து சேரணும். பிள்ளைகளோடது முன்னால போகும், பன்னியோடது பின்னாலதான்."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். சீனியம்மாள் நம்பவில்லை. தண்ணீர் வரியிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் சிரித்துப் பேசின ஆபீசுகளில்தான் அவளை அதிகம் அலைய விட்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து விஜயம் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாக இருந்தாள். பட்டி வாசலில் வந்து நின்று, "சீனியக்கா" என்று கூப்பிட்டாள். சீனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"முதுகுத் தண்ணியிலயும் ரத்தத்துலயும் அது இல்லன்னு வந்துருச்சுக்கா. காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே எடுத்ததுனால தெரியாமக்கூட இருக்கலாமாம், மறுபடி எடுத்துப் பாக்கணும்னு சொல்றாக. ஆனா இப்பக்கி இல்ல."

பின்பாதியைத் தெருவில் யாரும் காதில் வாங்கவில்லை. இல்லையாம், இல்லையாம் என்று பேச்சு ஓடியது. மறுநாள் குழாயடியில் குடங்கள் பழைய இடத்துக்கு வந்தன. ஒருத்தி தானாகவே சீனியம்மாளுக்கு வழி விட்டாள். சீனியம்மாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"இங்க ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சுடி. குட்டிகளக் கொண்டாந்துரச் சொல்லவா?"

"கெடக்கட்டும்க்கா. பன்னி ரத்தத்துக்கு இன்னும் ரிசல்ட்டு வரலைல்ல. பாப்பாவுக்கு அதுகன்னா உசுரு. சாயங்காலமானா குட்டிக நிக்கிற கொட்டத்துப் பக்கம் கையக் கைய நீட்டுது. வேப்பமரத்துல தொட்டிலக் கட்டி அங்கயே போட்டுருறேன். உள்ள கரண்டு போயிட்டா வேக்காடு."

"கொசு கடிக்காதா?"

"கடிக்காம? வேப்பல மூட்டம் போடுறேன். ஆனா ஒண்ணுக்கா, கொசு பூராம் குட்டிக மேலதான் மொய்க்குது. அதுக வந்ததுல இருந்து எங்களுக்குக் கொறச்சலாக் கடிக்கிற மாதிரி இருக்கு."

"பரவாயில்லையே" என்று சீனியம்மாள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தும் வந்தாள். குட்டிகள் தளதளவென்று இருந்தன. பாப்பா தொட்டிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, அதுகள் உறுமுகிற மாதிரியே உறுமிக் காட்டியது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்துவிட்டது.

கார்த்திகை பிறந்து அருண்பாண்டி வீட்டுக்கு வந்தான். அவனை நடத்திக் கூட்டிவரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வாயோரம் எச்சில் வடிந்தது. தெருவில் அத்தனை பிள்ளைகளுக்கும் பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் இப்போது தண்ணி என்பதைக்கூடச் சொல்லவில்லை. சீனியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாமி, என்னையத் தெரியுதா" என்று கேட்டாள். அவன் காரணமில்லாமல் சிரித்தான். விஜயம் சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"சின்னதுல மூளைக்காய்ச்சலுக்கு ஊசி போட்ட அன்னைக்கு இவனுக்குச் சளின்னு நான்தான் அப்பறம் போட்டுக்கலாம்னு தூக்கிட்டு வந்தேன்க்கா" என்றாள். "அப்படியே விட்டுப்போச்சு." சீனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீலட்சுமி தனியாக ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முதலில் விஜயம் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பிறகு ரெயின்கோட்டோடு பட்டிக்கு வந்தாள். சீனியம்மாள் அவளைத் தகரத்துக்குக் கீழே உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தாள்.

"அருண்பாண்டிக்கு ரெண்டாவது எடுத்த ரத்தத்துல இருக்குக்கா. அது மூளைக்காய்ச்சல்தான். மொத தடவ எடுத்தப்ப ஒடம்பு இன்னும் உண்டாக்கியிருக்கல, அதான் தெரியல."

சீனியம்மாள் விஜயம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எங்க பன்னிக்கு?"

"எல்லாத்துலயும் இருக்கு. ரெண்டுல புதுசாவே இருக்கு. உங்க பட்டியில போன மாசங்கூட நோயி ஓடிக்கிட்டு இருந்துருக்கு. அந்தக் குட்டி செத்து விழுந்துச்சுன்னீங்கல்ல, அது கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல, இந்தக் கிருமிதான்."

"அப்ப லாரி வந்துரும்."

"லாரி கீரியெல்லாம் வராதுக்கா, எத்தன தரம் சொல்றது. இதுக நாலஞ்சும் தப்பிச்ச உருப்படி. ஒடம்புல ஆன்டிபாடி வந்துருச்சுன்னா கிருமி மறுபடி அதுல ஏறாது. இனிமே இதுகளக் கடிச்ச கொசுவால யாருக்கும் ஒண்ணும் வராது. நீங்க பாட்டுக்கு வச்சு வளங்க. கொசுவலையக் கட்டுங்க, தண்ணி தேங்காமப் பாத்துக்கங்க."

சீனியம்மாளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பெருசுகளை விட்டுக்கொடுக்கத் துணிந்து, அதுகள் பக்கமே போகக் கூசிக்கொண்டு இத்தனை நாள் சோறு ஊற்றியிருக்கிறாள்.

"அப்ப யாருகிட்ட இருந்துதான் மேடம் பரவுது?"

"குட்டிகதான். தாய்ப்பால்ல கொஞ்ச நாளைக்குக் காப்பு இருக்கும். ரெண்டு மூணு மாசத்துல அது போயிரும், சொந்தமா இன்னும் வந்துருக்காது. அந்த நேரத்துல ஒரு கொசு கடிச்சாப் போதும், ரத்தத்துல கிருமி கோடிக்கணக்காப் பெருகிரும். பாக்குறதுக்கு நல்லா ஓடித் திரியும், தீனி எடுக்கும், ஒண்ணுமே தெரியாது. அதக் கடிச்ச கொசுதான் ஊரச் சுத்தி வரும். மூணு மாசக் குட்டியும் வயலும் பக்கத்துல ஒரு பச்சப்பிள்ளையும் இருந்தா அதவிட மோசம் கெடையாது. ஒம்பது மாசத்துல ஊசி போடுறோம். அதுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு அதுவும் கெடையாது."

ஸ்ரீலட்சுமி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நெசமாவே குட்டி இல்லைலக்கா? இருந்தாச் சொல்லுங்க. ஒண்ணும் பண்ண மாட்டோம், வலையக் கட்டி எடத்த மாத்தச் சொல்வோம், அம்புட்டுத்தான்."

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். இத்தனை நாள் சொன்ன பொய் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. விஜயம் வீட்டு அழுகை வேறு இன்னும் ஓயவில்லை. இவளிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் அருண்பாண்டியின் கை மடங்கினது தன் கணக்கில் வரும் என்று நினைத்தாள்.

"இல்ல மேடம்."

ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையில் திரும்புவதற்குள் போனை எடுத்துவிட்டாள். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை பாண்டிமீனா எடுத்தாள்.

"பாப்பா எங்கடி?"

"மடியிலதான்க்கா கெடக்கா. ரெண்டு நாளா மேலு லேசாச் சுடுது. பல்லு மொளைக்குதுல்ல. நேத்துலருந்து பால் குடிக்க மாட்டேங்கிறா. தூங்கிக்கிட்டே இருக்கா."

"கை காலு?"

"அது என்னமோ எடது கை மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குது. கனவு கண்டு முழிக்கிறா போல."

ஆட்டோவில் தன் மடியில் கிடந்து இழுத்த அருண்பாண்டியின் கை சீனியம்மாளின் கண்ணுக்கு முன்னால் வந்தது. "துணிமணி எடுத்து வை. வாரேன்" என்று மட்டும் சொன்னாள். மற்றதைப் போனில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

முத்துக்கருப்பன் பேரலைக்கூட அவிழ்க்காமல் வண்டியை எடுத்தான். புளித்த சோற்று வாடையும் மழையுமாக ரிங்ரோட்டில் போய், திருநகரைத் தாண்டுகிற வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து லேப் பொண்ணு சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. வண்டியை மறுபடி எடுத்தான்.

வீட்டுக்குப் பின்னால் குட்டிகள் இவள் குரலைக் கேட்டதும் பாய்ந்து வந்து கம்பில் முட்டின. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாண்டிமீனா மடியில் பிள்ளை கண் பாதி திறந்து கிடந்தது. உச்சிக்குழியைத் தொட்டாள். எப்போதும் மெத்தென்று உள்வாங்கியிருக்கிற இடம் புடைத்துக்கொண்டு நின்றது. சிவபாண்டியின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியெல்லாம் பிள்ளை சீனியம்மாள் கையில்தான் இருந்தது. பாண்டிமீனாதான் கொடுத்தாள், "நீ வச்சுக்கக்கா, நீ வச்சிருந்தா எனக்குத் தைரியம்" என்று.

குழந்தைகள் வார்டில் டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார், கழுத்தை மெதுவாக மடக்கிப் பார்த்தார். கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினார்.

"காய்ச்சல் எத்தன நாளா?"

"ரெண்டு மூணு நாளா சார்."

"வாந்தி?"

"காலையில ஒரு தடவ."

"வீட்டுப் பக்கத்துல வயல் இருக்கா? ஆடு, மாடு, பன்னி எதும் வளக்குறீங்களா?"

பாண்டிமீனா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். அக்காவுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்கிற பார்வை.

"வயல் இருக்கு சார். பன்னியெல்லாம் இல்ல."

"இல்ல சார்" என்று சிவபாண்டியும் தலையை ஆட்டினான்.

டாக்டர் அதையும் எழுதினார். "சரி, சாதாரணக் காய்ச்சல்லயே சில பிள்ளைகளுக்கு இப்படி இழுக்கும். மொதல்ல காய்ச்சலக் கொறைப்போம், அப்பறம் பாப்போம்" என்று அடுத்த கட்டிலுக்குத் திரும்பப் போனார்.

சீனியம்மாள் வாயைத் திறக்காமல் இருந்தால் இதோடு முடிந்தது. தங்கைக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. முத்துக்கருப்பன் சொல்லமாட்டான். மடியில் பிள்ளையின் கை ஒருதரம் வெட்டியது.

"இருக்கு சார்" என்றாள்.

டாக்டர் நின்றார்.

"தொட்டிலுக்குப் பக்கத்துலயே பதினோரு குட்டி நிக்குது. மூணு மாசக் குட்டியா இருந்தப்ப நான்தான் சார் கொண்டாந்து விட்டேன், எங்க பட்டியில ரத்தம் எடுக்க வந்தாகன்னு. எங்க பட்டியில அந்த மூளைக்காய்ச்சக் கிருமி இருந்துருக்குன்னு இன்னைக்குக் காலையில சொல்லிட்டாக. எங்க தெருப் பிள்ளைக்கும் அதுதான். இதுக்கும் அதப் பாருங்க சார்."

டாக்டர் பேப்பரில் எழுதியதை அடித்துவிட்டு நர்சைக் கூப்பிட்டார். முதுகுத் தண்ணி எடுக்கணும், ரத்தம் எடுக்கணும், இன்றைக்கு எடுப்பதில் தெரியாமல் போகலாம், மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது, இழுப்பை நிறுத்தலாம், மூச்சைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். குட்டிகள் நிற்கிற ஊர்ப் பேரைக் கேட்டுத் தனியாகக் குறித்துக்கொண்டார். பாண்டிமீனா எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"தெரிஞ்சேவாக்கா விட்ட?"

"தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. குட்டிகிட்ட இருந்துதான் பச்சப்பிள்ளைக்கு வரும்னு அந்த லேப் மேடம் காலையில சொல்லித்தான் தெரியும்."

"குட்டி எங்க இருக்குன்னு அவுககிட்டச் சொன்னியா?"

சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டாக. இல்லன்னுட்டேன்."

"பாப்பாவுக்கு ஆகாதுன்னு அவுக சொன்னதுக்கு அப்பறமும் இல்லன்னுட்ட."

சிவபாண்டி சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நர்ஸ் உள் அறைக் கதவைத் திறந்தாள். "முதுகுல ஊசி போடும்போது பிள்ளைய வளைச்சுப் பிடிச்சுக்க ஒரு ஆளு வாங்கம்மா. கை நடுங்காத ஆளா வாங்க."

சீனியம்மாள் பிள்ளையோடு எழுந்துவிட்டாள். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் எப்போதும் அவள்தான் எழுந்திருப்பாள். பாண்டிமீனாவும் எழுந்தாள். அக்காவின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"நீ இங்கயே இரு" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஊசி குத்தினால் பிள்ளை அலறும், அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்று சீனியம்மாள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிடிங்க, இன்னுங் கொஞ்சம் வளைங்க என்று நர்ஸ் சொல்வது கேட்டது. ஆச்சு, ஆச்சு என்று டாக்டர் குரல் கேட்டது. பிள்ளை அழவில்லை.